செயினுக்குப் போட்ட வண்டி மை

முட்டி வலின்னு போன மாசம் டாக்டர்கிட்ட போயிருந்தேன். படத்தைத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு, "தேய்மானம்மா"ன்னார். நம்ம வயசுல யாருக்குத்தான் தேயல? நீங்களும் ஆளுக்கொரு படம் பீரோவுல வெச்சிருப்பீங்க. ஆனா எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் சிரிப்பு வந்துருச்சு. டாக்டர் என்னை ஒரு மாதிரியாப் பாத்தார். தேய்மானம்ங்கற வார்த்தையை நான் மொதமொதல்ல கேட்டது ஒரு செயினைப் பத்தி. அப்ப எனக்குப் பத்து வயசு. அந்த வருசம் தை மாசத்துல இருந்து பங்குனி வரைக்கும் நான் நிம்மதியா ஒரு வாய் சோறு தின்னிருக்க மாட்டேன்.

பொறுங்க, மொதல்ல வண்டியைச் சொல்லிடறேன்.

எங்க அப்பாவுக்கு எடது கால் மடங்காது. கெணறு வெட்டறப்பக் கல்லு உருண்டு முட்டியில விழுந்தது. சைக்கிள் மிதிக்க முடியாது. எழுபதுகளோட கடைசியில ஒரு நாள் சேலத்துக்குப் போனவர், ஒரு குட்டி வண்டியை லாரியில ஏத்திக்கிட்டு வந்து எறங்கினார். ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்துல ஒரு பங்களாவுல இருந்த வெளிநாட்டு இஞ்சினீயர் ஊருக்குத் திரும்பும்போது வித்துட்டுப் போனதாம். மினி பைக்குன்னு பேரு. பேருக்கேத்த மாதிரியே, உக்காந்தா அப்பாவோட மடங்காத கால் ரோட்டைத் தொட்டுடும் போல நீட்டிக்கிட்டு இருக்கும். சக்கரம் ரெண்டும் சோத்துப்பானை அகலம்தான். ஸ்டார்ட் பண்றதுக்குக் கயிறு. சுண்டி இழுத்தா படபடன்னு கத்தும். "ஏனுங்க, இது வளந்து பெருசாவுமுங்களா?"ன்னு ஊர்ல கேக்காத ஆளில்ல. அப்பா சிரிச்சுக்குவார். வாங்கும்போதே அது பழசு. எந்தக் கம்பெனி பண்ணினதுன்னு எழுதியிருந்த எடம் கூடத் தேஞ்சு வழவழன்னு இருந்துச்சு.

அப்பா அதை வாங்கினது அவருக்காக இல்ல, அக்காவைப் பின்னாடி உக்கார வெச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் விடறதுக்காக.

அக்கா பத்தாவது. ஹைஸ்கூல் எருமப்பட்டியில. எங்க தோட்டத்துல இருந்து ஆறு மைல். காலையில வர்ற ஒரே பஸ், பள்ளிக்கூடத்துல மொத பீரியடு முடிஞ்சப்பறம்தான் அங்க போய்ச் சேரும். வயசுக்கு வந்த புள்ளையைத் தனியா சைக்கிள்ல அனுப்பறதுன்னா எங்க ஊட்ல பேச்சுக்கே எடமில்ல. ஏன்னா ஊட்ல முடிவு சொல்றது பெரியப்பா. அப்பாவோட அண்ணன். பெரியம்மா தவறிப் போயிட்டாங்க, பசங்க ரெண்டு பேரும் ரிக் வண்டியில போர் போடறோம்னு வடக்க போயிட்டாங்க. அவருக்கு மூணு வேளையும் எங்கம்மா கை சோறுதான். அவர் எதுத்தாப்புல அப்பா நிமிந்து பேசி நான் பாத்ததில்ல.

குட்டி வண்டி வந்த அன்னிக்கி பெரியப்பா அதைச் சுத்திச் சுத்தி வந்தார். அப்பறம் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுச் சொன்னார்.

"படிக்கட்டும். நான் வேண்டாங்கல. ஆனா என்னிக்கி இந்த வண்டி நடு ரோட்டுல நின்னு, நம்ம ஊட்டுப் புள்ள நாலு பேரு பாக்க நிக்குதோ, அன்னியோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது."

"சரீங்ணா"ன்னார் அப்பா.

அந்த ஒரு வார்த்தைதான் எங்க எல்லாரோட கழுத்துலயும் கத்தியா நின்னுச்சு. பள்ளிபாளையத்துப் பக்கம் ஒரு ஊட்ல இருந்து அக்காவை ரெண்டு தடவை பொண்ணு கேட்டு ஆள் விட்டிருந்தாங்க. பள்ளிக்கூடம் நின்னா அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். அக்காவுக்கோ டீச்சர் ட்ரெயினிங் போகணும்னு வெறி. நானும் சும்மா வேடிக்கை பாக்கல. அக்காவைப் பத்தாவதுல நிறுத்தினா என்னை அஞ்சாவதோட நிறுத்திடுவாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். அக்காவுக்கு மேல படிச்ச பொட்டப்புள்ள எங்க வகையறாவுலயே கெடையாது.

தை மாசம் போல சத்தம் ஆரம்பிச்சுது.

சாயங்காலம் வாய்க்கால் திருப்பத்துல வண்டி வரும்போதே எங்களுக்குக் கேக்கும். படபடன்னு வர்ற சத்தத்துக்கு நடுவுல 'கடக்'. கொஞ்ச தூரம் வந்து மறுபடியும் 'கடக்'. மேடு ஏறும்போது 'கடக் கடக் கடக்'. செயின் பல்லை விட்டு ஏறிக் குதிக்கற சத்தம்னு அப்பா சொன்னார். நாலு மணி ஆனா மாட்டுக்குத் தண்ணி காட்டற சாக்குல வேலி ஓரமா போய் நிப்பேன். சத்தம் கேக்கற வரைக்கும் ஒரு பயம், கேட்டப்பறம் இன்னொரு பயம். பெரியப்பா காதுல அந்த 'கடக்' விழக்கூடாதுன்னு, அந்த நேரமாப் பாத்து நான் வெறும் தவலைப்பானையை உருட்டி விடுவேன். "ஏனம்முணி, உனக்குக் கையில பெலமில்லியா?"ன்னு கத்துவார். கத்தட்டும்.

ஒரு நாள் வர்ற வழியில செயின் கழண்டே போச்சு. அப்பா குச்சியை விட்டு நெம்பி, அஞ்சு நிமிசத்துல மாட்டிட்டார். யாரும் பாக்கல. ஆனா அக்காவோட வெள்ளைத் தாவணியில ஒரு சாண் நீளத்துக்குக் கருப்பு. ஊட்டுக்குள்ள நுழையும்போதே பெரியப்பா பாத்துட்டார்.

"தாவணியில என்ன கருப்பு?"

உள்ள இருந்து அம்மா, "அடுப்புக்கரிங்க மாமா. வந்ததும் வராததுமா சட்டியை எறக்கச் சொல்லிட்டேனுங்க"ன்னாங்க.

வந்ததே இப்பத்தான், அதுக்குள்ள எங்க சட்டியை எறக்கறது? பெரியப்பா ஒண்ணும் கேக்கல. அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அன்னிக்கித்தான். அந்தத் தாவணியை அன்னிக்கி ராத்திரியே சீமெண்ணெய் போட்டுத் தேச்சாங்க.

அப்பா என்ன வைத்தியம் பண்ணலைங்கறீங்க! பின்சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி செயினை இழுத்துக் கட்டினார். ரெண்டு கண்ணியை வெட்டி எடுத்தார். சேலத்துல இருந்து புதுச் செயினே வாங்கிப் போட்டார். அது ஒரு மாசம் சத்தமில்லாம ஓடுச்சு. எனக்குச் சோறு எறங்குச்சு. மாசி கடைசியில மறுபடியும் 'கடக்'.

இது இப்படியிருக்க, ஞாயித்துக்கெழமை ஆனா வண்டிக்கு மை போடறது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். மாட்டு வண்டி வெச்சிருந்தவங்களுக்குத் தெரியும். வைக்கோலைக் கருக்கி, இடிச்சு, வெளக்கெண்ணெய் விட்டுக் கொழச்சு, அச்சாணியைக் கழட்டி அச்சுக்குப் பூசுவாங்க. சக்கரம் சத்தமில்லாம உருளும். எங்க ஊர்ல பெரியப்பா கொழைக்கற மைக்குத் தனிப் பேரு. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க சந்தைக்கு முந்தின நாள் கொட்டாங்குச்சியைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாங்க. குட்டி வண்டி வந்ததுல இருந்து அதுக்கும் அவர்தான் மை. நாத்து மாதிரி மெல்லிசான வைக்கோலாப் பொறுக்கி, தனியாக் கருக்கி, துணியில சலிச்சு, "இதுக்குப் பொடிசாத்தான் வேணும்"னு அவரே கோழி றெக்கையால செயினுக்கும் பல்லுக்கும் அப்புவார். நான்தான் சக்கரத்தைச் சுத்திவிடற ஆளு. வெளக்கெண்ணெய் வாசமும் கருகின வாசமும் கலந்து இப்பக்கூட மூக்குல நிக்குது. சத்தம் அதிகமாக ஆக, வாரத்துக்கு ரெண்டு தடவை போட்டார். அப்பா கும்பிடாத கொறையா நிப்பார்.

பங்குனியில பரிட்சைக்குப் படிக்கறதுக்கு ஒரு வாரம் லீவு விட்டாங்க. அப்பா வண்டியைப் பிரிச்சார். முன்னாடி இருக்கற சின்னப் பல்சக்கரம், பின்னாடி இருக்கற பெரிய பல்சக்கரம், செயின், எல்லாத்தையும் மஞ்சப் பையில போட்டார். பள்ளிபாளையத்துல தறிக்குப் பல்சக்கரம் வெட்டற பட்டறை இருக்குதுன்னு யாரோ சொல்லியிருந்தாங்க. பை தூக்க என்னையும் கூட்டிக்கிட்டுப் போனார். மூணு பஸ் மாறிப் போனோம்.

தெருப்பூரா தறிச் சத்தம். பேப்பர் மில்லு நாத்தம் வேற. எப்படித்தான் இங்க குடியிருக்காங்களோன்னு நெனச்சேன். பட்டறைக்காரர் ஒல்லியா, பனியனெல்லாம் எண்ணெயா இருந்தார். பெரிய பல்சக்கரத்தை எடுத்து வெளிச்சத்துல காட்டினார். பல்லெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு, கோழி மூக்காட்டம் வளைஞ்சிருந்துச்சு.

"இந்தப் பல்லுல புதுச் செயினைப் போட்டா பல்லு செயினைத் தின்னும். பழைய செயினைப் புதுப் பல்லுல போட்டா செயின் பல்லைத் தின்னும். மூணையும் ஒண்ணா மாத்தோணுமுங்க. இல்லீன்னா தேய்மானம் நிக்காது"ன்னார். அப்பறம் பல்லு எடுக்குல இருந்த கருப்பை வெரலால வழிச்சு, ரெண்டு வெரலுக்கு நடுவுல தேச்சுப் பாத்தார். மொகம் சுருங்குச்சு. "இதென்னங்க பூசியிருக்கீங்க?"

"வண்டி மைங்க. எங்க அண்ணன் கையால கொழச்சது"ன்னார் அப்பா. அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமை.

பட்டறைக்காரர் வெரலைப் பனியன்ல தொடச்சார். என் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி, ஊட்ல பாத்தரம் எதுல வெளக்குவீங்க?"

"சாம்பல்லங்க."

"எதுக்குச் சாம்பல்ல வெளக்கறீங்க?"

"தேச்சா கறை போகுமுங்க."

"அதேதான். மரவண்டி அச்சுக்கு அது சரிங்க. அங்க எடம் தாராளமா இருக்குது, சக்கரம் மெதுவாச் சுத்துது. இங்க ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் அந்தக் கரி போயி உக்காந்துக்கிட்டு, சுத்தறப்பெல்லாம் தேக்குது. இது மை இல்லீங்க, அரம். வாராவாரம் நீங்களே அரத்தைப் போட்டுத் தேச்சிருக்கீங்க."

அப்பா பல்சக்கரத்தை வாங்கி, அந்தக் கருப்பைத் தன் வெரலால தேச்சுப் பாத்தார்.

சாயங்காலம் வரைக்கும் அங்கயே உக்காந்து, புதுப் பல்சக்கரம் ரெண்டையும் வெட்டி வாங்கிக்கிட்டு, அவர்கிட்டயே புதுச் செயினும் எடுத்துக்கிட்டுக் கெளம்பினோம். பஸ்ல அப்பா என் காதுக்கிட்ட குனிஞ்சு, "ஊட்ல இதைச் சொல்லாத சாமி. அண்ணன் மனசு ஒடஞ்சு போயிரும்"னார்.

எனக்கு மனசு ஒடையறதைப் பத்தி அக்கறையில்ல. எனக்குக் கோவம் பொங்கிக்கிட்டு வந்துச்சு. காலமெல்லாம் வண்டி ஓட்டின மனுசனுக்கு இது தெரியாமயா இருக்கும்? வண்டி நின்னா படிப்பு நிக்கும்னு சொன்னவரே வாராவாரம் மை போடறார்னா என்ன அர்த்தம்? வேணும்னேதான் பண்றார். பத்து வயசுக்கு எவ்வளவு புத்தி பாருங்க. பஸ் எருமப்பட்டி வர்றதுக்குள்ள வெசாரிச்சு, தீர்ப்பும் எழுதி முடிச்சுட்டேன்.

பரிட்சைக்கு மொத நாள் ஞாயித்துக்கெழமை. அப்பா எல்லாத்தையும் மாட்டி, கயிறு இழுத்து ஓட்டிப் பாத்தார். 'கடக்' இல்ல. வெறும் படபட. அம்மா மாரியம்மனுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வெச்சாங்க. அப்பப் பாத்து பெரியப்பா வந்தார். ஒரு கையில கொட்டாங்குச்சி, ஒரு கையில கோழி றெக்கை.

"புதுச் செயினு. பரிச்சைக்குப் போற வண்டி. ரெண்டு நாளா சலிச்சு வெச்சிருந்தேன். கையில தொட்டுப் பாரு, சந்தனமாட்டம் இருக்குது."

அப்பாவால வேண்டாம்னு சொல்ல முடியல. பெரியப்பா உக்காந்து, றெக்கையைத் தோச்சு, ரெண்டு மூணு கண்ணிக்கு இழுத்துட்டார்.

"போடாதீங்க!"ன்னு கத்திட்டேன். "அது மை இல்ல, அரம்! பட்டறைக்காரரு சொல்லிட்டாரு. பல்லைத் தேச்சதே நீங்கதான். அக்கா படிக்கக் கூடாதுன்னு வேணும்னே தேச்சீங்க!"

அப்பா என் வாயைப் பொத்தறதுக்குள்ள எல்லாம் வெளிய வந்துருச்சு.

பெரியப்பா கத்தல. அடிக்க வருவார்னு நெனச்சேன், வரல. அப்பாவைப் பாத்து, "நெசமா?"ன்னு மட்டும் கேட்டார். அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். பெரியப்பா கொட்டாங்குச்சியைக் கீழ வெச்சுட்டு, கையிலிருந்த கருப்பை வேட்டியிலயே தொடச்சுக்கிட்டுக் களத்துப் பக்கம் போயிட்டார். ராத்திரி சோத்துக்கு வரல.

மறுநாள் காலையில எந்திரிச்சா மாட்டு வண்டியும் இல்ல, மாடும் இல்ல, அவரும் இல்ல. "கோவத்துல எங்கியோ போயிட்டாரு. எல்லாம் இவ வாயி"ன்னு அம்மா என் தொடையைக் கிள்ளினாங்க. அப்பாவும் அக்காவும் பரிட்சைக்குக் கெளம்பினாங்க, நல்லபடியா வந்தாங்க. பெரியப்பாவும் இருட்டறதுக்குள்ள வந்து, பேசாம சாப்பிட்டுப் படுத்தார். அக்காகிட்ட கேட்டா, "ரெண்டாவது மைலு புளியமரத்துக்கிட்ட நம்ம வண்டி நிக்குதுடி. மாட்டை அவுக்கவே இல்ல. அப்பா வேகத்தைக் கொறச்சா, பெரியப்பா போ போன்னு கையைக் காட்டறாரு"ன்னா. ஏதோ சரக்கு ஏத்தப் போயிருப்பார்னு நான் நெனச்சேன். அவ்வளவுதான் எனக்கு ஓடுச்சு.

எனக்கு வேற கவலை. அந்த ரெண்டு மூணு கண்ணியில அவர் இழுத்த மை. அப்பா துணியால தொடச்சிருந்தார். ஆனா உள்ள போனது போனதுதான? ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் அரம் உக்காந்திருக்குதுன்னு பட்டறைக்காரர் சொன்னது காதுக்குள்ளயே இருந்துச்சு. அன்னிக்கிச் சாயங்காலம் யாருமில்லாத நேரமாப் பாத்து, சீமெண்ணெய்க் கிண்ணத்தையும் ஒரு கொண்டை ஊசியையும் எடுத்துக்கிட்டு உக்காந்தேன். ஒரு கருப்புப் புள்ளி விடாம நோண்டி நோண்டி எடுத்தேன். செயினோட ரெண்டு முனையும் சேர்ற எடத்துல ஒரு சின்னத் தகடு, மீன் மாதிரி. அதுக்கு அடியிலயும் கருப்பு தெரிஞ்சுது. ஊசியை விட்டு நெம்பினேன். டக்குன்னு கழண்டு வந்துச்சு. தொடச்சு, கட்டை வெரலால அமுக்கினேன். மறுபடியும் டக்குன்னு உக்காந்துச்சு. நல்லாத்தான் உக்காந்துச்சுன்னு நெனச்சேன். அந்தத் தகட்டுக்கு பொளந்த வாய்ப்பக்கம், மூடின பக்கம்னு உண்டு, பொளந்த வாய் ஓட்டத்துக்குப் பின்னால பாத்து இருக்கணும், திருப்பிப் போட்டா ஓட்டத்துல பிச்சுக்கிட்டுப் போயிடும்ங்கறது எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் இங்கிலீஷ் பரிட்சை. சாயங்காலம் வாய்க்கால் திருப்பத்துல படபட சத்தமே கேக்கல. நாலரை ஆச்சு, அஞ்சு ஆச்சு. நான் வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அஞ்சரைக்குத் திருப்பத்துல தெரிஞ்சது எங்க மாட்டு வண்டி. பெரியப்பா ஓட்டறார். பின்னாடி அப்பா, அக்கா. அவங்களுக்கு நடுவுல, கட்டிப் போட்ட கன்னுக்குட்டி மாதிரி குட்டி வண்டி.

வேலியை விட்டுட்டு வாசலுக்கு ஓடினேன்.

அக்கா எறங்கி ஓடி வந்து அம்மாகிட்ட மூச்சு வாங்கச் சொன்னா. போகும்போதே புளியமரம் தாண்டிக் கொஞ்ச தூரத்துல செயின் பிச்சுக்கிட்டுப் போச்சாம். தகடு எங்க விழுந்துச்சுன்னே தெரியலையாம். ரோட்டோரமா கல்லு ஒடைச்சுக்கிட்டிருந்த ஆளுங்க அத்தனை பேரும் சுத்தி நின்னு வேடிக்கை பாத்தாங்களாம். அப்பா ரோட்டுல மண்டி போட முடியாம, காலை நீட்டிக்கிட்டு உக்காந்து தகட்டைத் தேடினாராம். அதுக்குள்ள பின்னாடி இருந்து மாட்டை வெரட்டிக்கிட்டு பெரியப்பா வந்து, "ஏறு அம்முணி"ன்னு ஒரே வார்த்தை. வைக்கோல் பரப்பி, மேல ஜமுக்காளம் மடிச்சுப் போட்டு வெச்சிருந்தாராம். பரிட்சைன்னு நேரத்துலயே கெளம்பியிருந்ததால, மணியடிக்கக் கா மணி நேரம் இருக்கும்போதே பள்ளிக்கூடத்து வாசல்ல எறக்கி விட்டுட்டாராம்.

ஆக, ரெண்டு நாளும் அந்த மனுசன் அங்க நின்னது இதுக்குத்தான். தன் மை எங்கியாவது மிச்சம் இருந்து வண்டியை நிறுத்திப் போடுமோங்கற பயத்துல. நானும் அதே பயத்துலதான் ஊசியை எடுத்தேன். வண்டியை நிறுத்தினது அவரோட மை இல்ல. என் கை. அவரை வேணும்னே பண்ணினார்னு சொன்னேனே, என்னை யாராவது அப்படிச் சொல்லியிருந்தா செத்தே போயிருப்பேன். சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. அப்பவும் சொல்லல, அவர் இருந்த வரைக்கும் சொல்லல. உங்ககிட்டதான் இப்பச் சொல்றேன்.

பெரியப்பா மாட்டைக் கட்டிட்டு, கைகால் கழுவிட்டு வந்து உக்காந்தார். அம்மா கதவுக்குப் பின்னாடி. அக்கா சுவத்தோரமா நின்னு தாவணி முனையை முறுக்கிக்கிட்டு இருந்தா. நடு ரோட்டுல வண்டி நின்னுது, நாலு பேர் பாத்தாச்சு. சொன்ன வார்த்தை சொன்னதுதான்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்குப் பொறுக்கல, அவரே ஆரம்பிச்சார்.

"அண்ணா, இன்னிக்கி வழியில வண்டி..."

"வண்டிக்கு என்ன?"

"நின்னு போச்சுங்ணா."

"எங்க நின்னுது?"

அப்பா முழிச்சார். "நீங்கதானங்ணா புள்ளையை..."

"நான் என் சோலியாப் போயிட்டிருந்தேன். புள்ளை வந்துச்சு, ஏத்திக்கிட்டேன். எந்த வண்டி நின்னதையும் நான் பாக்கல." சோத்துத் தட்டை இழுத்து முன்னால வெச்சுக்கிட்டு அக்காவை நிமிந்து பாத்தார். "நாளைக்கு என்ன பரிச்ச?"

"கணக்குங்க பெரியப்பா."

"அப்ப இங்க என்ன நின்னுக்கிட்டு இருக்கற? போயிப் படி."